ஆணியில் தொங்கிய ஓவரால்

1

இந்தக் கதை எனக்குத் தானாகக் கிடைக்கவில்லை. வெர்டலிடம் நச்சரித்து வாங்கினேன். அமெரிக்காவில், தென் ஜார்ஜியாவில் அவர்கள் பண்ணைக்கு எதிரே ரொம்ப காலமாகக் குடியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் அவளோடு உட்கார்ந்து தைக்கிறவள் நான். கிழங்கு கழுவும் கொட்டகையில் வைத்துச் சொன்னாள்:

"எழுதிக்கோ. ஆனா எங்கக்காவ அழ வச்சிடாத. அவ இன்னும் அழல. நீ அழ வச்சா அது பொய்."

மகனைப் பறிகொடுத்த தாயை அழவிடாமல் எழுத வேண்டுமாம். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேண்டியதில்லை.

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் பனியில் நனைந்த செம்மண்…" அடித்துவிட்டேன். கிழங்கு தோண்ட வேண்டியவர்கள் பனியை ரசிப்பதில்லை, திட்டுவார்கள்.

இரண்டாவது: "நான்கு தலைமுறையாக நிலத்தைக் காத்துவரும் கறுப்பினப் பெண்கள், தங்கள் துயரத்தைக் கலையாக்கி…" இது நன்கொடை கேட்கிற துண்டுப்பிரசுரம். பாதியிலேயே கிடக்கட்டும்.

மூன்றாவது: பின்கதவை ஒட்டிய ஆணியில் மார்லனின் ஓவரால், தோள்பட்டி வைத்த வேலைக் காற்சட்டை, தொங்கியது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மார்லன், வெர்டலின் அக்கா ஓசெல்லாவின் ஒரே பிள்ளை. போன குளிர்காலத்தில், நாற்பதுகூட ஆகாமல், வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அதற்குப் பிறகு டிராக்டரை ஓசெல்லா எடுத்துக்கொண்டாள். கொட்டகையும் சந்தையும் தங்கை வெர்டல் பொறுப்பு. கணக்கு வழக்கெல்லாம் வெர்டலின் மகள் ஷானிஸ்.

[ஷானிஸ் இந்தக் கதைக்கு வேண்டுமா என்று யோசித்தேன். எடுத்துவிட்டும் பார்த்தேன். எடுத்தால், இழப்பதற்கு நிலம் மட்டும்தான் மிஞ்சுகிறது, அதில் நாளைக்கு நிற்கப்போகிற ஆள் இல்லை. இருக்கட்டும்.]

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஒருவர் இறந்தால், வருடம் திரும்புவதற்குள் அவருடைய வேலைத்துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பார்கள். துவைக்க மாட்டார்கள். முழங்கால் கறை, தோளில் வெயில் தின்ற இடம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இறந்தவருக்கு யார் நெருக்கமோ அவர்கள் அதைப் போர்த்திக்கொள்வார்கள்.

வெர்டலுக்கு இந்தத் தையலில் பெயர் உண்டு. அவுரியை ஊறவைத்து நூலுக்குத் தானே சாயம் ஏற்றுவாள். பிள்ளையை இழந்தவள், புருஷன் விட்டுப்போனவள் என்று சுற்றுவட்டாரப் பெண்கள் சனிக்கிழமைதோறும் அவள் கொட்டகைக்கு வருவார்கள். தைத்து, பேசி, அழுது, சோள ரொட்டி தின்று, முகம் தெளிந்து திரும்புவார்கள். வராதவள் ஓசெல்லா மட்டும்தான்.

ஓசெல்லா ஒரு வாரம் மேக்கன் நகரத்தில் சர்ச் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அந்த வாரம் வெர்டல் கத்திரியை எடுத்தாள்.

"ஆணியில இருந்தது எங்க?" பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓசெல்லா கேட்டாள்.

"கொட்டகையில, அக்கா. போர்வை ஆயிட்டிருக்கு. வருஷம் திரும்பப்போகுது, நீயா செய்ய மாட்ட, அதான்…"

"கத்திரி வச்சிட்டியா?"

"துவைக்கலக்கா. முழங்கால் மண்ணு அப்படியே இருக்கு, வந்து பாரு."

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவ நீ. உன்கிட்ட நான் சீட்டு வாங்கினேனா?" ஓசெல்லா குரலை உயர்த்தவில்லை. "நிலத்துல என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துடு, வெர்டல். திங்கக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறேன்."

ஷானிஸ்தான் முதலில் வாய் திறந்தாள். "பெரியம்மா, எதை வேணா கேளுங்க. அதைக் கேக்காதீங்க."

நம் ஊர் என்றால் நடுவில் ஒரு வரப்பைப் போட்டுவிட்டு, ஆயுளுக்கும் பேசாமல் இருந்திருப்பார்கள். இங்கே கொள்ளுத்தாத்தா உயில் எழுதவில்லை. நிலம் எல்லார் பேரிலும் ஒன்றாகக் கிடக்கிறது. ஒருத்தி பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் மொத்தத்தையும் ஏலத்தில் விட்டுவிடக்கூடும். இந்தப் பக்கத்தில் பல கறுப்புக் குடும்பங்களின் நிலம் அப்படித்தான் போனது. ஓசெல்லாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

4

முடிவு அ: ஓசெல்லா போர்வையைப் போர்த்திக்கொள்கிறாள், தங்கையை மன்னிக்கிறாள். வெர்டலுக்குப் படித்துக் காட்டினேன். "யாரு இவ? எங்கக்கா மாதிரி இல்லையே," என்றாள். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: கோர்ட்டு வாசலில் ஏலம். பைன் மரக் கம்பெனிக்காரன் கை தூக்குகிறான், ஷானிஸ் படிக்கட்டில் உட்கார்ந்து

இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

5

நடந்ததையே சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை, கூரையிலிருந்து கயிற்றில் இறக்கிய தையல் சட்டத்தைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தது அந்தப் போர்வை. நடுவே மார்லனின் ஓவரால் துண்டுகள், சுற்றிலும் பழந்துணி. ஓசெல்லா சேற்று பூட்ஸோடு உள்ளே வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கத்திரி முனையால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, எவ்வளவு வேலை அதுல!" என்றாள் ஒருத்தி.

வெர்டல் கை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அக்காவுக்காகத் தைத்தேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு நூலாக அறும்போது, அக்காவைவிடப் போர்வைக்காகத்தான் மனசு பதறுகிறது என்பது தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு கத்திரியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளும் பிரித்தாள்.

"நூலை வெடுக்குனு இழுக்காத. துணி கிழியும்," என்றாள் ஓசெல்லா.

"எனக்கா சொல்லித் தர்ற?"

"பின்ன? உனக்கு வெட்டத்தான தெரியும்."

துண்டுகள் பிரிந்து வந்ததும் ஓசெல்லா அவற்றைத் தரையில் பரப்பினாள். ஊசி கேட்டாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓவராலைத் திரும்பவும் ஓவராலாக்கப் போகிறாள்.

"இது இடது காலு," என்றாள் ஓசெல்லா.

"இல்லக்கா, வலது. செடி நடும்போது வலது முழங்காலைத்தான் ஊனுவான். கறையைப் பாரு."

ஓசெல்லா தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை வருஷம் நானும்தான துவைச்சுப் போட்டேன்," என்றாள் வெர்டல். "நீ மட்டுமாக்கா அவனப் பறிகுடுத்த?"

ஓசெல்லா துண்டை வலது பக்கம் நகர்த்தி வைத்தாள். சாயங்காலத்துக்குள் ஓவரால் முழுசானது. உடம்பெல்லாம் தையல், ஒரு கால் மட்டும் குட்டை. இனி யாரும் போட முடியாது. ஓசெல்லா அதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். பங்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

6

திங்கட்கிழமை காலை. வெர்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். ஓசெல்லாவின் வண்டி முற்றத்தைத் தாண்டி கேட் வரைக்கும் போய் நிற்கிறது. இடது பக்கம் திரும்பினால் ஊர், வக்கீல். வலது பக்கம் கிழங்கு வயல். பனி கொட்டுவதற்குள் தோண்டியாக வேண்டிய கிழங்கு.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெர்டலுக்கு ரெண்டெட்டு வைத்தால் சன்னல். கை நுரையைக்கூடக் கழுவாமல் நிற்கிறாள். போய்ப் பார்க்க முடியவில்லை.

வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே ஓசெல்லாவை நல்லவள் என்றோ பொல்லாதவள் என்றோ முடிவு கட்டிவிடுவீர்கள். கேட்டில் நிற்கிற இந்த நேரத்தில் அவள் ரெண்டுமில்லை.

நீங்கள் போய்ச் சன்னலில் பாருங்கள். பார்த்துவிட்டு, திரும்பி, வெர்டலின் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.