பேசக் கூடாத பேச்சு மன்றம்

போஸ்டரில் சிங்கத்தின் படத்தைப் போடுவதா, ஒலிபெருக்கியின் படத்தைப் போடுவதா என்று கல்லூரிப் பேச்சு மன்றம் இரண்டு அணியாகப் பிரிந்து மோதிக்கொண்டிருந்தது. மன்றத்தில் மொத்தமே ஒன்பது பேர். சிங்கத்துக்கு நாலு, ஒலிபெருக்கிக்கு மூணு, நடுவராகத் தலைவன். மிச்சம் ஒருத்தி, கறார் என்று எல்லாரும் கூப்பிடுகிறவள். அவளுக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது.

"எதிரணியினர் நுனிப்புல் மேய்கிறார்கள், நடுவர் அவர்களே!" என்று எகிறினான் சிங்கக்காரன் ஒருவன்.

"டேய், நிறுத்துங்கடா!" கறார் எழுந்தாள். "வியாழக்கிழமை கூட்டத்துக்கு முப்பது பேர் வரலன்னா இந்த ரூமைப் புடுங்கிட்டு ஜெராக்ஸ் மெஷினை வைக்கப் போறாங்க. துணை முதல்வர் நேர்ல வந்து தலை எண்ணுறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னிக்குத் திங்கக்கிழமை. ஒரு போஸ்டர் இன்னும் வெளிய வரல. சிங்கமாம், சிங்கம்!"

தலைவன் மேசை மணியை ஓங்கித் தட்டினான். மைக் இல்லாத இடத்திலும் மைக் முன்னால் நிற்கிற மாதிரியே பேசுவதால் அவனுக்கு மைக்கு என்று பெயர். "உன் நேரம் முடிஞ்சிருச்சு, கறார். உக்காரு."

மறுநாள் சிங்கம் ஜெயித்து போஸ்டரும் வந்தது. 'சொல்வேந்தர்களே, களம் காண வாரீர்! நாவன்மை மிக்கோருக்கு ஓர் அறைகூவல்!' என்று பாதித் தாளை எழுத்து அடைத்துக்கொண்டது. மீதியைச் சிங்கம் அடைத்துக்கொண்டது. இடமும் நேரமும் எறும்பு சைஸில் அடியில் கிடந்தன. அறை எண்ணின் மேல் சிங்கம் காலை வைத்திருந்தது.

அதைக்கூடக் கறார் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒட்டிய இடத்தைப் பார்த்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே ஒட்ட அலுவலக முத்திரை வேண்டும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று, எல்லாப் போஸ்டரையும் மன்றத்தின் அறைக்குள்ளேயே சுவர் சுவராக ஒட்டி வைத்திருந்தார்கள்.

"உள்ள வந்தவனுக்கு எதுக்குடா அழைப்பு?"

"எதிர்மறையா பேசாத கறார்," என்றான் மைக்கு. "வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டாச்சு. இருநூறு பேருக்கு மேல இருக்காங்க."

"அந்த இருநூறு பேர்ல ஒருத்தன் பதில் போட்டானா?"

"ஆர்வமில்லாத தலைமுறை," என்று மைக்கு வருத்தப்பட்டான்.

கறார் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இவர்களுக்கெல்லாம் இந்த ரூம் போனால் வேறு ரூம். வீட்டிலேயே பேசப் பழக்கிவிட ஆள் இருந்தவர்கள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவளே அவள்தான். முதலாண்டில் வகுப்பில் கேள்வி கேட்டார்கள்; பதில் தெரியும்; எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றைக்கு முகத்தை மறைக்க ஒதுங்கிய இடம் இரண்டாவது மாடியின் இந்தக் கடைசி அறை. உள்ளே ஏதோ விவாதம் நடந்துகொண்டிருந்தது. வாராவாரம் மூலையில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. ஒருநாள் ஒருத்தன் 'ஏழைகள் உழைப்பதில்லை' என்று அளந்துகொண்டிருந்தபோது எழுந்து கத்தினாள். கத்தி முடித்த பிறகுதான் தான் பேசியதே அவளுக்கு உறைத்தது. கறார் என்ற பெயரும் அன்றைக்கு வைத்ததுதான். அந்த மூலையில் ஜெராக்ஸ் மெஷின் நின்றால், அடுத்து வாய் அடைத்துப்போய் வருகிறவள் எங்கே போய் உட்காருவாள்?

வீட்டில் அம்மா வேலையிலிருந்து வந்த களைப்போடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் நாள் பூராவும் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுகிற வேலை. தங்கை சுவரில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவளும் இந்த வருடம் அதே கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

கறார் மூச்சுவிடாமல் புலம்பித் தீர்த்தாள்.

"ஊரையெல்லாம் கூப்பிடுறியே, வீட்டுல இருக்கிறவளக் கூப்பிட்டியா?" என்றாள் அம்மா.

கறாருக்குச் சுருக்கென்றது. "ஏன்டி, நீ வரக் கூடாதா?"

"நானா? எனக்குத்தான் பேச வராதேக்கா."

"அதுக்குத்தானடி மன்றமே!"

"அப்படியா போட்டிருக்கு? சொல்வேந்தர்னு போட்டு, சிங்கத்த வேற நிப்பாட்டி வச்சிருக்கீங்க. நல்லா பேசுறவங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை குரூப்ல கேட்டிருக்கலாம்ல?"

தங்கை போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்க கேக்குறது? நீயே பாரு."

நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று திரையின் அடியில் இருந்தது. கறார் இரண்டு தடவை படித்தாள். மன்றத்துக்கு ஒரு வேலை இருந்தால் மைக்குவிடம் நேரில் சொல்லியே பழகியவள். குழுவில் ஒரு எழுத்துகூட அவள் எழுதிப் பார்த்ததில்லை. பேச்சு மன்றத்தின் குழுவில் பேசுவதற்குத் தடை!

மைக்குக்குப் போன் போட்டாள். "குரூப்பைப் பூட்டி வச்சது யாரு?"

"நான்தான். ஆரம்பத்துல தினமும் பூப்படம் போட்டு குட் மார்னிங் சொல்லி உயிர எடுத்தாங்க. அதான் ஒழுங்குபடுத்தினேன்."

"வாயப் பொத்தி வச்சுட்டு ஆர்வமில்லாத தலைமுறைங்கிறியா? என்னை நிர்வாகி ஆக்கு. இப்பவே."

"இதை செயற்குழுவுல வச்சு விவாதிச்சு..."

"மைக்கு! நேர்ல வந்தேன்னா நல்லா இருக்காது!"

ஆக்கினான். பூட்டைத் திறந்துவிட்டு எழுதினாள்: 'ரெண்டாவது மாடி, கடைசி ரூம். உடைஞ்ச பெஞ்சு அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்துல. வியாழன் சாயங்காலம் நாலு மணி. பேச வராதவங்க வாங்க. பேசணும்னு கட்டாயம் இல்ல, சும்மா உக்காந்துட்டும் போலாம். சந்தேகம் இருந்தா இங்கயே கேளுங்க.'

 அப்புறம் போன் நடுங்கத் தொடங்கியது. எந்தக் கட்டடம் அக்கா? பேசலன்னா திட்டுவீங்களா? ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வரலாமா? சிங்கம் எதுக்கு? ஒருத்தன் போன வருடத்திலிருந்தே அறையைத் தேடிக்கொண்டிருக்கிறானாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள்.

வியாழக்கிழமை வந்தார்கள். பின்பெஞ்சிலிருந்து நிரம்பிக்கொண்டே வந்து முன்பெஞ்சு வரை நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து, ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

"அந்த ஃபேனைப் போடலாமா?" என்று யாரோ முனகினார்கள். தங்கையின் குரல். கூட்டத்தில் வந்த முதல் பேச்சு அதுதான்.

துணை முதல்வர் உள்ளே வந்தார். தலைகளை எண்ணினார். முப்பதைத் தாண்டியும் அவர் முகம் தெளியவில்லை. "இது பேச்சு மன்றமா, மௌன விரதமா? கணக்குக் காட்ட ஆள் புடிச்சுட்டு வந்திருக்கியாம்மா?"

"சார், நான் ஏன்..."

"நீ இரு." மூலையில் உட்கார்ந்து பெஞ்சை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கைகாட்டினார். "நீ எதுக்கு வந்த?"

அந்தப் பெண் எழுந்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த நிற்பைக் கறாருக்குத் தெரியும். அவளுக்குப் பதிலாகத் தானே பொரிந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் மைக்குவின் கை, பழக்கதோஷத்தில், மணியை நோக்கிப் போனது. கறார் மணியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"பேச வராது சார்," என்றது அந்தப் பெண். மூச்சு வாங்கிக்கொண்டது. "அதனாலதான் வந்தேன்."

துணை முதல்வர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுவரிலிருந்த சிங்கங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஜெராக்ஸ் மெஷினை லைப்ரரிப் பக்கம் வைக்கச் சொல்றேன்," என்றார். "இதையெல்லாம் கிழிச்சுட்டு வெளிய ஏதாவது ஒட்டுங்க. ரூம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

அவர் போனதும் அடக்கிவைத்த சத்தமெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. மைக்கு எழுந்து தொண்டையைச் செருமினான். "இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க தருணத்தில்..."

"உக்காருடா."

கறாரின் போன் அதிர்ந்தது. குழுவில் யாரோ பெரிய ரோஜாப்பூவைப் போட்டு, சாயங்காலம் நாலரை மணிக்கு, குட் மார்னிங் என்று எழுதியிருந்தார்கள். மைக்கு எட்டிப் பார்த்தான்.

"சொன்னேன்ல?"

"சொல்லட்டும்டா," என்றாள் கறார், எரிச்சலோடு. "வாயத் தொறந்து ஏதோ ஒண்ணு சொல்றாங்கல்ல."