நிறுத்துச் சொட்டு

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சின்னது என்று எழுதிவிட்டேனே தவிர, அது சின்னதுதானா என்று தெரியவில்லை.

எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மருத்துவமனையின் கழிவுநீரும், பக்கத்திலிருக்கும் ஷாம்பூ, முகப்பூச்சு ஆலையின் கழிவுநீரும் வருகின்றன. வலி மாத்திரை, கிருமிக்கொல்லி சோப்பு, வெயில் க்ரீம், எல்லாவற்றின் மிச்சமும் அதில் கரைந்திருக்கும். மூன்றாம் தொட்டியில் நொதித்தூளைக் கலந்து நான்கு மணி நேரம் வைக்கிறோம். நொதி அந்த மிச்சங்களை உடைத்துப்போட வேண்டும். எட்டு மாதமாக நடக்கும் சோதனை இது. எண்பது சதவீதம் குறைந்துவிட்டால் வியாழக்கிழமை மதகைத் திறந்து தண்ணீரை ஓடையில் விடுவார்கள். ஓடையில் கொஞ்ச தூரம் போனால் வலைக்கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள்.

மாதிரி எடுத்த அந்த நிமிடமே பாட்டிலில் பத்துச் சொட்டு அமிலம் விட வேண்டும். அதோடு நொதியின் வேலை நின்றுவிடும். விடாவிட்டால் பாட்டிலுக்குள்ளும் அது உடைத்துக்கொண்டே இருக்கும். தொட்டியை விட்டு வந்துவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது. பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார் அண்ணன் அந்த அமிலத்துக்கு வைத்த பெயர் நிறுத்துச் சொட்டு.

ஆறு பாட்டிலில் நான்குக்கு விட்டிருந்தேன்.

"தங்கச்சி, ஓடி வா! குழாய் பிடுங்கிக்கிச்சு!" என்று மோட்டார் அண்ணன் கத்தினார்.

ஓடினேன். தலை முதல் கால் வரை நனைந்து திரும்பி வந்தபோது ஆய்வகத்துக்குப் போகும் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆறையும் மூடி அனுப்பிவிட்டேன். மாலை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது. விட்டுப்போன இரண்டும் வெளிவாய் பாட்டில்கள், அதாவது தொட்டியை விட்டு வெளியேறப்போகும் தண்ணீர். ஐஸ் பெட்டியில்தானே போகிறது, குளிரில் நொதி மெதுவாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

மார்ச் 12, புதன்

பதினோரு மணிக்கு முடிவு வந்தது. தொண்ணூற்று மூன்று சதவீதம்.

"எட்டு மாசமா நாப்பதுலயே நொண்டிக்கிட்டு இருந்தது!" வேதியியல் மேடம் காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். "யார் கை பட்டுச்சோ!"

"தங்கச்சி கைராசி, மேடம். லாட்டரி வாங்கச் சொல்லுங்க" என்றார் மோட்டார் அண்ணன்.

நானும் சிரித்தேன். சிரித்ததையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"ஐஸ்லதானே போச்சு? வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள். "அடுத்த மாசம் உன் வேலையை நிரந்தரம் பண்ணப் போறாங்க. நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதே. நான் தினமும் மூஞ்சிக்குப் பூசுற க்ரீம்தானேடி அது? அதுல மீன் செத்தா போயிடும்?"

"சாகாதுக்கா. செத்தாலாவது தெரியும். இது உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாச் சேரும், யாருக்கும் தெரியாது."

"அப்ப உனக்கு மட்டும் என்ன?"

போனை வைத்தேன். அடுத்து வண்டி ஓட்டுநரைக் கூப்பிட்டு, நேற்று பெட்டியில் ஐஸ் இருந்ததா என்று கேட்டேன்.

"ஐஸா? அது பாதி வழியிலேயே உருகிடுச்சு. ரோட்டை மறிச்சு வேலை நடக்குதும்மா. அஞ்சு மணி நேரம் ஆச்சு போய்ச் சேர. அந்தப் பெட்டியில டீயே போட்டிருக்கலாம்."

ஐந்து மணி நேரம், அதுவும் வெயிலில். தொட்டியில் கொடுத்ததைவிட அதிக நேரம் பாட்டிலில் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொண்ணூற்று மூன்று எங்கள் தொட்டியின் எண் அல்ல.

மேடம் அறைக்குப் போக இருபத்திரண்டு படிகள். நடுவில் ஒருமுறை நின்றேன். உள்ளே அவர் மதகு திறக்கும் உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"மேடம், நேத்து ரெண்டு பாட்டிலுக்கு அமிலம் விடல."

பேனா நின்றது. "எந்த ரெண்டு?"

"வெளிவாய்."

அவர் பேனாவை மூடினார்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"சின்னதுன்னு நினைச்சேன்."

"சின்னதா பெருசான்னு நான் பார்த்துக்கறேன். நீ நடந்ததை மட்டும் சொல்லு."

ஒவ்வொரு முறையும் வெளிவாயில் ஒரு காப்புப் பாட்டில் எடுத்து எங்கள் குளிர்பெட்டியில் வைப்போம். அந்தப் பாட்டிலில் அமிலத்தை முன்கூட்டியே மேடம் ஊற்றி வைத்துவிடுவார்; அதனால் அது மட்டும் என் மறதிக்குத் தப்பியிருந்தது. மோட்டார் அண்ணன் அதைத் துணியில் சுற்றி, பைக்கில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். நான் வகுப்புக்குப் போகவில்லை. கழுவின குடுவைகளையே மறுபடி கழுவினேன்.

ஆறு பத்துக்கு போன் அடித்தது. மேடம் கேட்டுக்கொண்டே காகிதத்தில் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். நாற்பத்தாறு.

"ஓடைக்குப் போகாது" என்றார். உத்தரவை இரண்டாகக் கிழித்தார்.

திரும்பி வந்திருந்த அண்ணன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "பாட்டில்ல போன தண்ணி சுத்தமாயிடுச்சு, தொட்டியில கிடக்கிறது ஆகல. பேசாம தொட்டியையே வண்டியில ஏத்தி ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா, மேடம்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மேடம் காகிதத்தை மறுபடி இழுத்தார். "தொட்டியில நாலு, பாட்டில்ல அஞ்சு. ஒன்பது மணி நேரம் வச்சா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "வெயில் சூடும் சேர்ந்திருக்கு. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது." எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நாளைக்கு அதிகாரிங்களும் மீன் வளர்க்கிறவங்களும் மதகு திறக்கறதைப் பார்க்க வர்றாங்க. திறக்க மாட்டோம்னு நான் சொல்றேன். ஏன்னு நீ சொல்லணும்."

"மேடம், என் வேலை..."

"அதை என்னால இப்ப சொல்ல முடியாது."

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளை வியாழன். ஒன்பது மணிக்கு முன் போய்த் தொண்ணூற்று மூன்று, நாற்பத்தாறு என்ற இரண்டு எண்களையும் பலகையில் எழுத வேண்டும். பத்து மணிக்கு, வந்தவர்கள் முன் நின்று, முதல் எண் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.