எட்டு மணி நேரம் தவறிய காற்று

1

இந்தக் கதை என் தங்கை சாந்தினிமேல் எனக்குள்ள கர்வத்தில் பிறந்தது. ஒளிப்பானேன்? பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்துகொண்டு, தென்துருவத்துக்கு மேலே எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் அடிக்கும் காற்றை ஆராய்கிறாள். நான் பத்து காவான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஓய்வில் கதை எழுதுபவன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு உயரத்தை எட்டிப் பார்த்தவர் வேறு யார்?

முதல் தொடக்கம்: 'பென்குவின்கள் சூழ, உறைபனியில் சாந்தினி தன்னந்தனியே...'

அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அண்ணே, நான் பார்த்த ஒரே ஐஸு, கடையில சீவித் தர்ற ஐஸ் கச்சாங்தான்லா. அடிச்சிடு அத."

அடித்துவிட்டேன். (பென்குவின்கள் போனதில் எனக்கு வருத்தம்தான்.)

2

அவள் வேலை இதுதான். துருவத்தில் நிற்கும் ரேடார், எரிந்து விழும் விண்கற்களின் தடங்களைப் பிடிக்கும். தடம் எந்தப் பக்கம் நகர்கிறதோ, காற்றும் அந்தப் பக்கம். அந்தப் பதிவுகள் இணையம் வழியாக இவளுக்கு வரும். காற்று திசை மாறும் நேரம் எல்லோரும் சொல்வதுபோல் இல்லை என்று சாந்தினி கண்டுபிடித்தாள். அந்த ரேடாரை நடத்தும் வெளிநாட்டுக் குழு அசந்துபோய், அவளைத் துருவ நிலையத்துக்கே அழைத்தது. எங்கள் அப்பா முனுசாமி, சிம்பாங் அம்பாட் பாசாரில் மீன்காரர்வரை சொல்லி முடித்துவிட்டார்.

3

[இங்கே ஒரு வில்லன் வேண்டும். பொறாமைக்காரப் பேராசிரியர்? சே, அப்படி யாருமில்லை.]

வில்லன் கடிகாரம். கணக்குப் போடும் கணினி நிரலில் ஓரிடத்தில் மட்டும் அவள் மலேசிய நேரத்தை விட்டுவைத்திருந்தாள். பதிவுகளோ உலகப் பொதுநேரத்தில் வருபவை; அதற்கு நாம் எட்டு மணி நேரம் முன்னால். காற்று வழக்கம்போலத்தான் திரும்பியிருக்கிறது, மணிதான் தப்பு. குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவளேதான் பிடித்தாள்.

"சொல்லாம இருந்தா?" என்றேன். எழுத்தாளன் புத்தி.

"போயிருவேன். போயி, அங்க நின்னு என்னத்த அளக்கறது?"

அன்றைக்கே குழுவுக்கு எழுதி, தன் கண்டுபிடிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். [அதைப் போடாதே என்றாள். போட்டுவிட்டேன்.]

அப்பாவிடம் சொல்லத்தான் இருவருக்கும் பயம். முழுக்கக் கேட்டார்.

"மீன்காரன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்லா. தப்பு நடந்துச்சு, எம்மவளே புடிச்சா, எம்மவளே சொன்னா. அவன் தராசுல உள்ள தப்ப என்னைக்காச்சும் சொல்லியிருக்கானா?"

சாந்தினி அழுகையோடு சிரித்துவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

4

முடிவு ஒன்று: அவள் நேர்மையை மெச்சிய குழு, விமானச் சீட்டோடு... (இது சினிமா.)

முடிவு இரண்டு: அவளுக்குப் பதிலாக வேறொருவர்... (எழுத மனம் வரவில்லை.)

குழுவின் பதில் இன்னும் வரவில்லை. மணியைத் திருத்தி, கணக்கை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள் அவள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். துருவத்துக்கு அனுப்புங்கள், அனுப்பாமல் போங்கள், பென்குவினைக்கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் குழுவுக்கு எழுதிய அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது நான் எழுதியதில்லை, என் தங்கை எழுதியது.