அக்கரையில் ஒன்று

அப்பாவின் முகத்தில் ஈ விரட்டிக்கொண்டிருந்த முத்துத்தாய், தம்பி முத்திருளன் கௌதாரிக் கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றுவதைப் பார்த்துவிட்டாள்.

"அதை எதுக்குடா எடுக்குற?"

"மூணாம் நாள் படையலுக்கு அப்பாவுக்குக் கௌதாரி வைக்கணும்க்கா. ரெண்டு பேரு வலையோட இக்கரை பூராம் அலைஞ்சும் ஒண்ணும் சிக்கல. இதையே அறுத்துற வேண்டியதுதான்."

"எப்படிறா சிக்கும்? வேலிப் புதரை வழிச்செடுத்தது யாரு? திருமங்கலத்துல மருந்து வாங்கியாந்து வாரத்துக்கு ரெண்டு தடவ பருத்திக்கு அடிச்சது யாரு?"

அவன் கூண்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். அவளுக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. செத்துக் கிடப்பவரும் லேசுப்பட்டவரில்லை. வயலில் கூண்டுக் கௌதாரியை வைத்து, அதன் குரலுக்குச் சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரிகளைக் கண்ணிவைத்து ஒரே காலையில் இருபது பிடித்தவர் நல்லகாமன். பிடிக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் மனிதருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாகக் கண்ணியைத் தொடவில்லை. விடிந்ததும் கூண்டோடு கண்மாய்க்கரைக்குப் போய், "அக்கரையில ஒண்ணு இருக்கு தாயி, பதில் குடுக்குது. ஒருத்தருக்கும் சொல்லிறாத" என்று சிரித்தபடி திரும்புவார். கூட்டாளி பேயாண்டிக்கும் சொன்னதில்லை. கௌதாரி பிடிக்கிறவர்கள் இடத்தைச் சொல்வதில்லை. இன்று காலை அந்தக் குரலைத் தேடிப் போனவர்தான் வரப்பில் சுருண்டு விழுந்தார்.

கூண்டு ஆடியதில் கௌதாரி கத்தியது. கண்மாய்க்கு அக்கரையிலிருந்து பதில் வந்தது.

"அந்தா இருக்கு! வலையை எடுங்கடா!" என்றான் முத்திருளன்.

பாடைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்த பேயாண்டியின் கை நின்றது.

"போகாத மாப்ள. அது என் கூண்டு. காலைல அங்கன வேம்புல மாட்டியிருந்தேன். சேதி வரவும் போட்டது போட்டபடி ஓடியாந்தேன்." ஓலையைக் கீழே வைத்தார். "நானும் மூணு வருசமா, இக்கரையில ஒண்ணு கெடக்குன்னுதான்..."

முத்துத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிச்சீகளே மாமா, ஒரு வார்த்தை பேசிக்கிறலையா? ரெண்டு பேருமா அம்புட்டையும் தின்னு தீத்துட்டு, ஒருத்தர் கூண்டை ஒருத்தர் காட்டுக் கௌதாரின்னு நம்பிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீக!"

அவர் மறுபடியும் ஓலையை எடுத்து முடையத் தொடங்கினார். அவள் தம்பி கையிலிருந்த கூண்டைப் பிடுங்கினாள்.

"இதுல கைய வச்ச, அப்பா குழிக்குள்ள உன்னையும் தள்ளிருவேன்."

பாடையைத் தூக்கினார்கள். பேயாண்டியும் தோள் கொடுத்தார். கௌதாரி கழுத்தை நீட்டி மறுபடியும் கத்த, முத்துத்தாய் அப்பாவின் துண்டை எடுத்துக் கூண்டை மூடினாள். அது அடங்கிவிட்டது.

அக்கரையில் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.