துண்டோடு நின்றவருக்கு எம்பதி

வாஷிங் மெஷின் புகார்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலையில் அவளுக்கு இது ஏழாவது வருடம். யார் எதைச் சொன்னாலும் வாயில் முதலில் ‘அய்யய்யோ’ என்றுதான் வரும். அதனால் ஆபீசில் அவளுக்கு அய்யய்யோ அக்கா என்றே பெயர். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புது மேனேஜர் எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பெடுத்தார்.

“அய்யோ பாவம்னா அது சிம்பதி. கரையில நின்னு உச்சு கொட்டுறது. அவங்க இடத்துல நம்மை வெச்சுப் பார்த்தா எம்பதி. நமக்கு வேண்டியது எம்பதி. இனிமே யாரும் அய்யய்யோ சொல்லக் கூடாது.”

கடைசி வாக்கியத்தை அவளைப் பார்த்தே சொன்னார்.

“அப்ப பரிதாபப்படலாம், வெளியில காட்டிக்கக் கூடாது. அப்படித்தானே சார்?” என்று கேட்டாள். மேனேஜர் கண்ணை மூடித் திறந்தார்.

ஹெட்போனை மாட்டியதும் முதல் அழைப்பு. ஒரு மனிதர்; குரலில் அனல் பறந்தது. மெஷின் தண்ணீரோடு நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை, பேன்ட் அத்தனையும் உள்ளே, பத்து மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டும்.

அய்யய்யோ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். “உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுது சார்.”

“என்னம்மா புரியுது? இடுப்புல துண்டோட நிக்கிறேன்!”

“உங்க இடத்துல நான் இருந்தா...”

“என் இடத்துல நீங்க எதுக்கும்மா இருக்கணும்? இருக்கிறதே ஒரு துண்டு!”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். வேலை போச்சு என்று அவள் நினைத்த நேரத்தில், அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

“அய்யய்யோ, மன்னிச்சிடுங்க சார். முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. மெஷினுக்குக் கீழே ஓரமா சின்ன மூடி இருக்கும். தட்டை வெச்சுக்கிட்டு மெதுவாத் திருகுங்க.”

இருபது நிமிடம் அவர் தட்டுத் தட்டாகத் தண்ணீர் பிடித்துக் கொட்டினார். அவளும் லைனை விட்டுப் போகவில்லை. கதவு திறந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘அப்பாடா’ என்றார்கள்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். காலைப் பேச்சின் பதிவை முழுசாகக் கேட்டிருந்தார். கையில் மதிப்பெண் தாள்.

“கஸ்டமர்கிட்டச் சிரிச்சிருக்கீங்க. அவரோ அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கார். இதை நான் எதுல போடுறது? சிம்பதியா, எம்பதியா?”

“நீங்களே பார்த்துப் போடுங்க சார். எனக்கு நிஜமாவே தெரியல.”

அவர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு இரண்டு கட்டத்துக்கும் நடுவே, கோட்டின்மேல் ஒரு டிக் போட்டார்.

சாயங்காலம் கணவனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துக் கேட்டான்:

“சரி, பேன்ட் எல்லாம் சொட்டச் சொட்ட ஈரமாச்சே. அந்த மனுஷன் ஆபீசுக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போனார்?”

அவள் கை வாய்க்குப் போனது. அதைக் கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை.