சட்டைப் பையில் ஒரு பிளக்

அண்ணன் ஐந்தாவது தடவையும் கயிற்றை இழுத்தான். எஞ்சின் தும்மக்கூட இல்லை. அப்பாவின் உடலை ஏற்றிவரும் வண்டி தோட்டத்துப் பக்கமாகத்தான் உள்ளே வரவேண்டும். வழியை மறித்துக்கொண்டு அவருடைய மண் கிளறும் மெஷின் நின்றது. வலது பக்கம் அவர் மாட்டி முடித்த சக்கரம், இடது பக்கம் இன்னும் கழற்றாத கொத்துப் பற்கள். அப்படியே தள்ளினால் நகராது.

"ஓடவிட்டுக்கிட்டே பல்லுல கை வெச்சிருக்காரு. அது இழுத்த அதிர்ச்சியில போயிருக்காரு. நீ வாங்கிக் குடுத்த சனியன்," என்றான், தங்கை முகத்தைப் பார்க்காமல்.

இதயம் தானாக நின்றுபோனதாக டாக்டர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அவளுக்கும் உள்ளூர அதே பயம்தான். ஓய்வு பெற்ற மனிதர் மண்வெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்று அவள்தான் வாங்கித் தந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று அம்மாவிடம் மூன்று முறை கேட்டுவிட்டாள். அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்த பிறகு எதுவும் காதில் விழவில்லை என்கிறாள் அம்மா.

அவள் கொல்லைப்புறம் போனபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்து அம்மா வாளியில் போடப் போனாள். பாதியில் கை நின்றது.

"பையைப் பாரும்மா. எதையாவது வெச்சிருப்பாரு," என்று அம்மா சட்டையை அவள் பக்கம் திருப்பினாள்.

பையில் கைக்குட்டை சுருட்டியிருந்தது. அதற்குள் எஞ்சினின் ஸ்பார்க் பிளக், கரி படிந்தது. கூடவே சக்கரத்தைப் பூட்டும் ஊசி ஒன்று.

போனில் அவர் அறுத்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பல் மாற்றுவதென்றால் எஞ்சினை நிறுத்தணும், ஆறவிடணும், பிளக்கையே கழற்றிடணும். வயரைப் பிடுங்கினால் போதாதாப்பா என்று கேட்டதற்கு, "பிளக் என் பையில இருக்குற வரைக்கும் பத்து வெரலும் என்னோடது" என்றார். அவள் சரிப்பா, சரிப்பா என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்த்தாள்.

வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. அம்மா சட்டையை நனைக்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தோட்டத்தில் அவள் கைக்குட்டையை விரித்து நீட்டியபோது அண்ணன் பிளக்கைப் பார்த்தான். குனிந்து எஞ்சினைப் பார்த்தான். பிளக் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. ஐந்து தடவை இழுத்த கயிறு பக்கத்தில் தொங்கியது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

அண்ணன் ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டான். செடியோரம் கிடந்த இன்னொரு சக்கரத்தை இழுத்து வைத்து மண்டியிட்டான். பற்களைக் கழற்ற நடுவே கையை நுழைக்கப் போனவன் நிறுத்தி, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"பிளக் ஒங்கிட்டதான இருக்கு?"

"இருக்கு," என்றாள்.