சிவப்பை மாற்றச் சொன்னவள்

கம்பெனியின் கிளைகளில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. வராத மாதிரி இருப்பது அவள் வேலையில் பாதி.

மீதிப் பாதி, பல நாடுகளில் சிதறிக் கிடந்த கம்பெனியின் கிளைகளை ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருவது. ஒவ்வொரு கிளையும் தனி ராஜ்ஜியம். சரக்குக் கணக்கை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், 'எங்க ஊர்ல இப்படித்தான்' என்பார்கள். தலைமையகம் கட்டளை போடாது, கமிட்டியைக் கூட்டும். கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் நிலையை ஒரு நிறமாகச் சொல்லிவிட வேண்டும். பச்சை என்றால் தயார். மஞ்சள் என்றால் சின்னக் குறைகள் உண்டு, ஆனாலும் போகலாம். சிவப்பு என்றால் நிறுத்து. சிவப்பு போட்டவர்களுக்கு மட்டும்தான் கூட்டத்தில் பேச நேரம். இந்த முறையை வகுத்தவள் அவளே. இதுவரை யாரும் சிவப்பு போட்டதில்லை. அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டிக்கு முந்தைய நாள் காலை, சின்னக் கிளை ஒன்று சிவப்பு போட்டது.

அந்தக் கிளையின் தலைவி அவளுக்கு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே அறையில் தங்கி, ஒரே குடையில் நனைந்து அலுவலகம் போனவர்கள். முதல் மேலாளர் திட்டியதற்கு அவள் கழிவறையில் நின்று அழுதபோது, "மூஞ்சியக் கழுவு. அழுதது அவனுக்குத் தெரிஞ்சா அதுவே அவனுக்கு போனஸ்" என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டவள்.

போன் போட்டாள்.

"என்னக்கா, என் மானத்த இப்படி வாங்கறே?"

"உனக்கு மானம் போகுது. எனக்குச் சரக்கே போகாதுடி. எது பெருசு?"

அக்காவின் கிளை, எலும்பு முறிந்தால் உள்ளே வைக்கும் தகடுகளையும் திருகுகளையும் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. எந்த நோயாளிக்கு எந்த அளவு பொருந்தும் என்பது அறுவை சிகிச்சை மேசையில்தான் தெரியும். அதனால் எல்லா அளவும் மருத்துவமனை அலமாரியிலேயே இருக்கும். உபயோகித்ததற்கு மட்டும் பிறகு பில் போவது வழக்கம். புதிய மென்பொருளுக்கு அந்த வழக்கம் தெரியாது. வாசலைத் தாண்டினால் விற்ற சரக்கு, அவ்வளவுதான். அலமாரியில் சும்மா இருக்கும் தகடுக்கெல்லாம் மருத்துவமனை பெயரில் பாக்கி ஏறும். பாக்கி வரம்பைத் தொட்டதும் அடுத்த வண்டியை அதுவே நிறுத்திவிடும்.

"இத சரி பண்ற வரைக்கும் எங்களத் தள்ளி வை. வேற ஒண்ணும் கேக்கல."

"சிவப்பப் பாத்தாலே கமிட்டில பெரியவர் குதிப்பார். உன்ன ஒரு வாரம் நிக்க வெச்சுக் கேள்வி கேப்பார். மஞ்சள் போட்டுடுக்கா. உனக்காக நான் பேசறேன். விலக்கு வாங்கித் தர்றது என் பொறுப்பு."

"பேசுவியா?"

"நான் பேசாம வேற யார் பேசுவா?"

"சரி தாயே. என் குடுமி உன் கையில."

பேச்சு முடியும் முன்பே திரையில் சிவப்பு மஞ்சளாகிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் காலையில், அந்த நாற்காலியில், பேசத்தான் போகிறோம் என்று முழுசாக நம்பினாள். பிற்பாடு அவளை அதிகம் வதைத்தது இதுதான். பொய்யாக இருந்திருந்தால் குறைந்தபட்சம் தன்னைத் தனக்கு அடையாளமாவது தெரிந்திருக்கும்.

மறுநாள் கூட்டத்தில் முகங்கள் சதுரம் சதுரமாக வந்து உட்கார்ந்தன. கமிட்டித் தலைவரைத்தான் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் கிளை பச்சை போட்டுவிட்டு, முறையை மீறி விலக்கும் கேட்டது. காரணம் சொல்லக்கூட இல்லை.

"குடுத்துடலாம். அவங்கள நம்பித்தானே நம்ம வீட்டுல அடுப்பே எரியுது" என்று பெரியவர் சிரித்தார். சதுரங்களும் சிரித்தன.

அவள் மைக்கைத் திறந்தாள். அக்காவின் சதுரம் கடைசி வரிசை ஓரத்தில் இருந்தது. அக்கா கேமராவுக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மத்தவங்க எல்லாரும் போகலாம். ஒரு சிவப்பு கூட இல்ல, பாருங்க!" என்றார் பெரியவர். "அடுத்து இந்த வட்டாரம் முழுசையும் இதை நடத்தினவங்க கையிலேயே ஒப்படைக்கலாம்னு இருக்கேன். ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான், சார்."

அந்த வாக்கியத்தை அவள் தேடவில்லை. நாக்கின் நுனியில் அது எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தது. வழி விட்டதும் வெளியே நடந்தது. அக்காவின் மைக் ஒருமுறை திறந்து மூடியது. மஞ்சள் போட்டவர்களுக்குப் பேச நேரம் கிடையாது.

பெரியவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள். தனியாகப் பார்த்தபோது அவர் புதிய பதவியைப் பற்றிப் பேசினார்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னிக்கு யாரை பெஞ்சு மேல ஏத்தினாங்க?" என்றான் கணவன், சாயங்காலம்.

"யாரையும் இல்ல."

"அப்புறம் ஏன் நீயே பெஞ்சு மேல நிக்கற மாதிரி இருக்கே?"

மென்பொருள் கிளைகளில் இறங்கியது. அக்கா சொன்னபடியே வண்டிகள் நின்றன. ஒரு மருத்துவமனையில், மாடிப்படியில் வழுக்கி விழுந்த ஒரு பெண், முறிந்த தொடைக்குத் தகடு வராமல், காலைக் கட்டித் தூக்கிவைத்தபடி கிடந்தாள். அக்கா கிடங்கிலிருந்து தகடுகளை எடுத்துத் தன் காரில் போட்டு ஒவ்வொரு மருத்துவமனையாக அலைந்தாள். கணக்கில் ஏற்றாமல் சரக்கை வெளியே எடுத்ததுகூட அவள் மேல் குற்றமாக எழுதப்பட்டது.

விசாரணைக் கூட்டத்தில் பெரியவர் கேட்டார். "இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா மஞ்சள் போட்டீங்க? யாராவது போடச் சொன்னாங்களா?"

பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முன்னாலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

"யாரும் சொல்லல. நான்தான் போட்டேன்" என்றாள் அக்கா.

முதலில் வந்தது நிம்மதி. நெஞ்சுக்குள் இதமாக, தாகத்துக்குத் தண்ணீர் இறங்குவது போல இறங்கியது. அதன் பிறகே வெட்கம் வந்தது, விருந்து முடிந்த வீட்டுக்குத் தாமதமாக வந்த விருந்தாளி மாதிரி.

அக்காவை வேலையிலிருந்து எடுத்த செய்தி வந்த மத்தியானம், போன் போட்டாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள். எடுத்தாள்.

"வட்டாரத் தலைவியாமே. வாழ்த்துகள்டி."

"அக்கா... நான் சொல்லித்தான் நீ மாத்தினேன்னு ஏன்க்கா சொல்லல?"

அந்தப் பக்கம் பெட்டியில் ஏதோ சாமான் விழும் சத்தம்.

"சொல்லியிருந்தா, நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு நீ மறுத்திருப்பே. என் கண்ணால அதையும் பாக்கணுமா?"

இல்லை அக்கா, மறுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வராத அந்த வார்த்தைக்காக அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அக்காவிடமிருந்து அவளுக்குக் கிடைத்த கடைசி மரியாதை அந்தக் காத்திருப்புதான்.

"சரி, வெக்கறேன். மேசையக் காலி பண்ணணும்" என்றாள் அக்கா.